கடைசி இலக்கம் மாறினால் கவனிக்க வேண்டுமா?

திருவாலங்காட்டு வாசகருக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் கணினிப் பிரிவில் இருப்பதாகவும், எஸ்.ஏ.பி., வே-பிரிட்ஜ், ஜி.எஸ்.டி. தளம் மூன்றையும் இணைக்கும் மிடில்வேர் உங்கள் பொறுப்பில் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரு சின்ன அப்டேட் வந்திருக்கிறது, பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்கிறார் மேலாளர். அவர் சொல்வது சரியா என்பது உங்கள் கேள்வி.

பாதி சரி. அந்த இலக்கம் மாற்றம் எவ்வளவு சிறியது என்று மட்டும்தான் சொல்லும். போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பது அதில் இருக்காது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் ஓட்டை தெரியவந்தது நினைவிருக்கும். ஜாவாவில் எழுதிய மிடில்வேர்களில் அது பரவலாக இருந்தது. 2.15 வந்தது; அது போதாமல் 2.16; பிறகு 2.17, 2.17.1. நான்கும் அதே மாதத்தில். 'முதல் திருத்தத்தைப் போட்டாயிற்று' என்று உட்கார்ந்தவர்கள் மறுபடி எழ வேண்டியிருந்தது.

நம் பக்கத்திலேயே இன்னொன்று. 2005-இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் மிடில்வேரில், பாஸ்வேர்டே இல்லாமல் யாரும் ஒரு கோப்பை ஏற்றி சர்வரைக் கைப்பற்றும்படி ஓட்டை இருந்தது. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 9.8. 2022 ஏப்ரலில் அது வெளியே தெரிந்ததும், தாக்கும் நிரல் பொதுவெளிக்கு வந்தது; தாக்குதலும் தொடங்கிவிட்டது. சந்தா கட்டிய வாடிக்கையாளர்களுக்குத் திருத்தம் அதற்கு முன்பே போயிருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள், அவ்வளவுதான்.

மேலாளரின் பயத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கே கட்டாயம் என்று இறங்கிவிட்டது. கம்பி ஏற்றிய லாரி எடை போட்டு நிற்கிறது, பில்லுக்கு அரசுத் தளம் தரும் பதிவு எண் (ஐ.ஆர்.என்.) வரவில்லை என்றால், வண்டி கேட்டைத் தாண்டாது. டிரைவர் உங்களைத்தான் முறைப்பார்.

இந்த மாதிரி அப்டேட்டில் பெரும்பாலும் உதைப்பது புது நிரல் அல்ல. நீங்கள் கையால் சேர்த்துவைத்த பழைய சங்கதிகள்தான். அரசுத் தளத்தின் சான்றிதழை என்றோ டிரஸ்ட் ஸ்டோர் கோப்பில் சேர்த்திருப்பீர்கள். அந்தக் கோப்பின் மேல் புதிய கோப்பு விழுந்தால், சர்வர் நன்றாக எழும், லாகின் ஆகும், ஆனால் ஜி.எஸ்.டி. தளத்துடன் மட்டும் பேசாது. முந்தைய ஆள் போட்டுவிட்டுப்போன ஜார் கோப்புகளும் அப்படித்தான். அவற்றைப் பட்டியலிட்டு, முழு ஃபோல்டரையும் நகலெடுத்து வைத்த பிறகே கை வையுங்கள்.

சர்வரை நிறுத்துவதற்கு முன் வரிசையில் காத்திருக்கும் செய்திகள் தீரட்டும். பாதியில் நிறுத்தினால், எழுந்ததும் அதே பில்லை மறுபடி அனுப்பக்கூடும். தளம் 2150 என்ற எண்ணோடு 'டூப்ளிகேட்' என்று திருப்பும். சோதனைக்கு உண்மையான பில்லை அனுப்பிப் பார்க்கவே வேண்டாம். ரத்து செய்ய 24 மணி நேரம்தான் உண்டு. சோதனைக்கென்றே அரசு சாண்ட்பாக்ஸ் தளம் வைத்திருக்கிறது. அப்டேட் போட மாதக் கடைசியும், ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யும் 11-ஆம் தேதியை ஒட்டிய நாட்களும் ஆகாது.

எனவே மேலாளரிடம் அப்டேட்டுக்கு அனுமதி கேட்பதற்கு முன், தனியாக ஒரு சோதனை சர்வர் கேளுங்கள். 'அதெல்லாம் வேண்டாம், ஓடுகிற சர்வரிலேயே போடு' என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.