வெண்மணலும் மீன் தொட்டியும்

அடுகோடியில் சிற்றறைகளில் தங்கிப் பயிலும் நம் மன்றத்து அன்பர் சிலர் அண்மையில் மீன் வளர்ப்பில் ஈடுபட்டுள்ளனர். நல்ல பொழுதுபோக்கு, அத்துடன் அது ஒரு சிறிய ஆய்வுக்கூடமும் ஆகும். தொட்டிக்குள் செடியும் வேண்டும், அடியில் வெளிர்நிற மணலும் வேண்டும் என்பது பலருடைய விருப்பம். வெளிர்மணல் இருண்ட அறைக்கு ஒளி தரும். கருநிற மீன்களையும் பச்சை இலைகளையும் எடுத்துக் காட்டும். கழிவு தேங்கினால் உடனே கண்ணிற் படும். விருப்பத்தில் தவறில்லை. ஆனால் வெண்மை என்பது நிறமேயன்றிப் பொருளன்று. கடையில் ஒன்றுபோல் தோன்றும் இருவகை வெண்மணலில் ஒன்று தொட்டிக்கு ஏற்றது. மற்றொன்று மெல்ல மெல்லக் கெடுப்பது. அவற்றைப் பிரித்தறியும் வகையை ஈண்டுக் காண்போம்.

இருவகை வெண்மை

முதல் வகை, குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் என்னும் கனிமங்களால் ஆனது. இவற்றைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டா. லால்பாக் தோட்டத்தில் கெம்பேகவுடர் கோபுரம் நிற்கும் பாறை, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய நைஸ் பாறை. அதன் வெளிர் வரிகள் பெரும்பாலும் இவ்விரு கனிமங்களே. (பாறையைப் பெயர்க்க வேண்டா, அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். பார்த்து வந்தால் போதும்.) எண்ணற்ற மழைக்காலங்களைத் தாங்கிய இக்கனிமங்கள் தொட்டி நீரிலும் எளிதிற் கரைய மாட்டா.

இரண்டாம் வகை, சுண்ணாம்புப் பொருள். சலவைக்கல் துண்டு, பவளத் துணுக்கு, கிளிஞ்சல் தூள் ஆகியன இவ்வகையின. மீன்கள் மூச்சு விடுவதால் நீரில் கரியமில வாயு சேர்ந்து, நீர் சற்றே அமிலத்தன்மை அடைகிறது. அவ்வமிலம் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நீரின் கடினத்தன்மை ஏறுகிறது, பி.எச். எண்ணும் 8-ஐ நோக்கி உயர்கிறது. அடுகோடியில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் புழங்குகிறது. அது பொதுவாகவே கடினநீர். அதனுடன் சுண்ணாம்பு மணலும் சேர்ந்தால் கேடு மிகும்.

"பி.எச். உயர்ந்தால் என்ன?" என்று வினவலாம். மீன் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நீரில் இரண்டு உருவங்களில் இருக்கும். ஒன்று, அவ்வளவாகத் தீங்கற்ற அம்மோனியம். மற்றது, கொடிய நஞ்சு. 25 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆயின் நஞ்சுருவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆயின் நூற்றில் 5 பங்குக்கு மேல். மீனும் கூடவில்லை, அழுக்கும் கூடவில்லை. நஞ்சு மட்டும் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது!

என் அறை நண்பர் ஒருவர் புதுத் தொட்டியில் பளபளக்கும் சலவைக்கல் துண்டுகளைப் பரப்பினார். உணவையும் மிகுதியாக இட்டார். மூன்றாம் வாரம் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்தன. நான்கில் இரண்டே பிழைத்தன. மிகுந்த உணவு நஞ்சுக்கு வித்திட்டது. வெள்ளைக்கல் அதற்கு வலுவூட்டியது.

சோதிக்கும் முறை

மணலை உலர்த்தி, சிறிது பொடித்து, அதன்மேல் வினிகர் சில துளி விடுக. குமிழி எழுந்தால் சுண்ணாம்பு உண்டு, விலக்குக. எழாவிடினும் உடனே நம்பிவிட வேண்டா. டாலமைட் போன்ற கற்கள் மிக மெதுவாகவே நுரைக்கும். ஆகவே ஒரு பிடி மணலை ஒரு குவளை மழைநீரில் இட்டு, வெறும் மழைநீருள்ள குவளை ஒன்றையும் அருகில் வைக்க. ஒரு வாரம் கழித்து இரண்டிலும் பி.எச். தாளைத் தோய்த்து ஒப்பிடுக. வேறுபாடு இல்லையேல் அம்மணலைக் கொள்ளலாம்.

பருமனும் அளவும்

நீர் வடிகட்டிகளுக்கென விற்கும் குவார்ட்ஸ் மணல் மிகவும் ஏற்றது. 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ளதைக் கேட்டு வாங்குக. மிக நுண்ணிய மணல் இறுகி, வேருக்குக் காற்றின்றி, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை உண்டாக்கும். பருங்கற்களாயின் உணவுத் துணுக்குகள் இடுக்கில் விழுந்து அழுகும். கட்டட வேலைக்கான எம்-சாண்ட் கூர்முனையுடையது; அடியில் மேயும் அயிரை போன்ற மீன்களின் மீசையைப் புண்படுத்தக்கூடும். ஆற்று மணலை அள்ளுதல் ஆற்றுக்கே கேடு; அதை நாட வேண்டா.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில், முன்புறம் 3, பின்புறம் 7 சென்டிமீட்டர் உயரமாகச் சரித்துப் பரப்ப 9 லிட்டர் மணல், அதாவது ஏறத்தாழ 14 கிலோ வேண்டும். உலர்ந்த குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்குத் தீங்கு; ஆதலின் நனைத்த பின்னரே கையாண்டு, நீர் தெளியும் வரை கழுவுக.

செடிக்கு உணவு, மீனுக்கு நிழல்

குவார்ட்ஸ் நீரைக் கெடுக்காது. ஆனால் செடிக்கும் ஒன்றும் கொடாது. இலங்கை ஓடைகளுக்குரிய கிரிப்டோகோரைன் வென்ட்டி போன்ற செடிகள் வேரினாலேயே பெரிதும் உண்பவை. களிப்பான செம்மண்ணைப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி உலர்த்தி, வேரடியில் ஆழப் புதைத்தால் இரும்புச் சத்துக் கிடைக்கும். சாணம் கலக்கலாகாது, அது அம்மோனியாவைப் பெருக்கும். பிற சத்துகளுக்குக் கடையில் விற்கும் வேர் உர வில்லைகள் உதவும். செடியைப் பிடுங்கினால் செம்மண் மேலெழுந்து வெண்மணலைக் கறைப்படுத்தும். எனவே இடத்தை முதலிலேயே ஆய்ந்து நடுக. ஜாவா பெரணி, அனுபியாஸ் ஆகியவற்றை மரத்துண்டில் கட்டினால் மணலின் துணையே வேண்டா.

வெளிர்தரையில் பல மீன்கள் நிறம் வெளுக்கும். தோலின் கருநிறத் துகள்கள் உயிரணுவின் நடுவே ஒடுங்குவதே காரணம். பகையின் கண்ணுக்குத் தப்ப இயற்கை தந்த காப்பு இது, நோயன்று. ஆயினும் அடியிலிருந்தும் ஒளி எழும் தொட்டியில் ஒதுங்க இடமின்றேல் மீன் அஞ்சும். பின்புறம் அடர்ந்த செடியும், மேலே சில மிதக்கும் செடிகளும் வைத்து நிழல் தருக.

முன்னரே சுண்ணாம்பு மணல் இட்டுவிட்டவர்கள் மனம் தளர வேண்டா. கடினநீரை ஏற்கும் வாலிஸ்னேரியாவையும், கப்பி, மோலி மீன்களையும் அதில் வளர்க்கலாம். உணவை மட்டும் அளந்து இடுக. புதிதாகத் தொடங்குவோர், மணல் மூட்டையை விலை பேசும் முன்னர், ஒரு பிடி மணலை அறைக்குக் கொணர்ந்து வினிகர் இட்டுப் பார்க்கட்டும். மீனுக்குத் தன் நீரைத் தேர்ந்துகொள்ள வழியில்லை. அதற்காகத் தேர்ந்தெடுப்பவர் நாமே.