நம்பிக்கை மையத்துக்குப் போய் வா

அன்புள்ள கதிருக்கு,

மாமா எழுதுவது. நீ சொன்னது உன் அம்மா காதுக்கும் போகாது, அத்தை காதுக்கும் போகாது. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்காமல் என்னிடம் சொன்னாயே, அதுவே பாதிப் பாரம் இறங்கின மாதிரி.

ஆணுறை கிழிந்து இருபது நாளாயிற்று என்கிறாய். 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அந்தக் கெடு தாண்டிவிட்டது. இனி அப்படி நேர்ந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காதே.

தொண்டை வலி, நாக்கில் வெள்ளை என்று தினமும் கண்ணாடி முன் நின்று தேடுகிறாயே, அதில் ஒன்றும் தெரியாது. சாதாரணச் சளிக்கும் தொண்டை வலிக்கும். தொற்று இருந்தும் வருஷக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், அதுவும் உடனே சொல்லாது. அரசு மருத்துவமனையில் இருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் இப்போது ஒரு தரம், மூன்று மாதம் நிறைந்ததும் ஒரு தரம் பார். இடையில் வேறு தவறு நேராமல், இரண்டாவதிலும் இல்லை என்று வந்தால் இல்லைதான். அப்புறம் லேப் லேப்பாக அலையாதே. நம்பிக்கை மையத்தில் காசு கிடையாது. முடிவை ரகசியமாக வைக்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சிபிலிஸ் சோதனையும் கேட்டுச் செய்துகொள். இருந்தாலும் பென்சிலின் ஊசியில் குணமாகும். மெடிக்கல் ஷாப்பில் நீயாக மாத்திரை வாங்கி விழுங்குவதை நான் ஒப்பவே மாட்டேன்.

1986-இல் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் நாட்டிலேயே முதன்முதலாகச் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது மருந்தே கிடையாது. இன்று தொடக்கத்திலேயே தெரிந்து தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, நிறைவாக வாழ்கிறார்கள். ஆகவே, முடிவு எதுவானாலும் உயிரை விடுகிற பேச்சு வேண்டாம்.

உறை ஏன் கிழிந்தது என்பது நீ எழுதியதிலேயே இருக்கிறது. மாதக்கணக்கில் பர்ஸில் வைத்து உட்கார்ந்திருக்கிறாய், போதாததற்குத் தேங்காயெண்ணெய். எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் சில நிமிஷத்தில் வலுவிழந்துவிடும். வழுவழுப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் ஜெல் கடையில் கிடைக்கும். காலாவதித் தேதியைப் பார். பல்லால் கடித்துப் பிரிக்காதே. நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட்டு அடிவரை உருட்டு. முடிந்ததும், விறைப்பு தளருமுன் அடியைப் பிடித்தபடி வெளியே எடு. பாதுகாப்பு கூடும் என்று இரண்டு போடாதே, உரசிக் கிழியும். உறை மூடாத தோல் வழியாகவும் எச்.பி.வி. போன்ற சில தொற்று வரும். அதற்கும், ஹெபடைட்டிஸ்-பிக்கும் தடுப்பூசி இருக்கிறது, மருத்துவரைக் கேள்.

உன் கடிதம் முழுக்க உன் பயம்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. கிழிந்தது அவளுக்கும்தானே? அவளிடம் இன்றே பேசு. கர்ப்பம் தங்கியிருக்கிறதா என்றும் அவள் பார்க்கவேண்டும், சோதனையும் செய்யவேண்டும். கூட வரட்டுமா என்று கேள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் பேசுங்கள், கட்டணமில்லை. நாள் தள்ளாதே.

அன்புடன்,
மாமா