சிக்கரி: இலைக் கீரையில் வேரின் கணக்கு

குளிர்நாட்டில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் எந்தக் கீரையில் தொடங்கலாம் என்று கேட்டால், நான் லெட்டூஸையோ ஸ்பினாச்சையோ சொல்வதில்லை. இத்தாலியச் சிக்கரியைத்தான் சொல்வேன். நம் காப்பித்தூளில் கலக்கும் சிக்கரியும் இதுவும் ஒரே இனம். காப்பிக்கு வேரை வறுத்து அரைக்கிறார்கள். இத்தாலியில் இலையைச் சமைக்கிறார்கள். ரகங்கள் வேறு என்றாலும் இலை ரகங்களுக்கும் பலம் வேரில்தான் இருக்கிறது. இந்தக் கீரையை வளர்த்துப் பார்த்துக் கைவிட்டவர்களில் பலர் இலையைக் கவனித்து வேரை மறந்தவர்கள். விதைப்பது, தண்ணீர் விடுவது, அறுப்பது ஆகிய மூன்றையும் வேரின் தேவைப்படி செய்தால், இதைவிடத் தொந்தரவு குறைந்த கீரை கிடைப்பது அரிது.

சிக்கரியின் ஆணிவேர் நேராகக் கீழிறங்கும். இலை தயாரிக்கும் உணவில் ஒரு பகுதியை அது இனுலின் என்ற பொருளாகச் சேர்த்து வைக்கிறது. உணவுத் தொழிற்சாலைகள் இனுலினைப் பெருமளவில் பிரித்தெடுப்பதும் இந்த வேரிலிருந்துதான். அந்தச் சேமிப்பு இருப்பதால் அறுத்த செடி மறுபடி தழைக்கிறது. உறைபனியில் இலை கருகினாலும் செடி பிழைத்துக்கொள்கிறது. க்ருமோலோ என்ற ரகம் குளிர்காலம் முழுக்கத் தரையோடு ஒட்டிக் கிடந்து, வசந்தம் வந்ததும் புது இலையடுக்கு விடும். இன்னும் வலுவான சான்று வடகிழக்கு இத்தாலியின் ட்ரெவீசோ வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே நவம்பரில் உறைபனி விழுந்த பிறகு சிவப்புச் சிக்கரியை வேரோடு பிடுங்கி, இருட்டான கொட்டகையில் ஊற்றுநீர் ஓடும் தொட்டிகளில் நிறுத்தி வைக்கிறார்கள். வெளி இலைகள் அழுகிப்போகும். உள்ளிருந்து வெள்ளை நரம்பும் கருஞ்சிவப்பு ஓரமுமாகப் புது இலை எழும். 1996-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு அளித்த காய்கறி இது. மண்ணும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் அந்த இலை வேரின் சேமிப்பிலிருந்தே வளர்கிறது.

இதிலிருந்து தோட்ட வேலைக்கான விதிகள் தாமாகவே வருகின்றன. நாற்றைப் பிடுங்கி நடும்போது ஆணிவேர் முறிந்து கிளைத்துவிடும் என்பதால் விதையை இருக்கும் இடத்திலேயே, அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுவது நல்லது. தொட்டியானால் 30 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். பல்விளிம்பு நீள இலை கொண்ட கத்தலோன்யா ரகத்துக்குச் செடிக்குச் செடி 25 முதல் 30 சென்டிமீட்டர் விட வேண்டும். ஸ்படோனா போன்ற அறுப்பு ரகங்களை நெருக்கித் தூவலாம். முளைத்த முதல் சில வாரங்கள் மேல்மண் காயக் கூடாது, நத்தைகளையும் கவனிக்க வேண்டும். வேர் இறங்கிய பிறகு அடிக்கடி தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுவதே சரி. அறுக்கும்போது கத்தியைத் தரையோடு வைக்காமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே வையுங்கள். வெட்டிய காம்பில் வெள்ளைப் பால் துளிர்க்கும். வெட்டுக்குக் கீழே நடுக்குருத்து பத்திரமாக இருந்தால்தான் அடுத்த தழை வரும். குருத்தையும் சேர்த்து அறுத்தால் அடுத்த அறுவடை தள்ளிப்போகும், சில செடி அப்படியே போய்விடும்.

கசக்குமே என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் குறை. கசக்கத்தான் செய்யும். அந்தப் பாலில் உள்ள லாக்டூசின் வகைச் சேர்மங்களே காரணம். பல பூச்சிகளை விலக்கி வைப்பதும் அவைதான். ஆனால் கசப்பின் அளவு நம் கையில் இருக்கிறது. வெயிலில் வாடி முற்றிய இலை அதிகம் கசக்கும், குளிர் கண்ட இளம் இலை குறைவாகக் கசக்கும். செடியின் மேல் ஒரு தொட்டியைக் கவிழ்த்து ஒன்றிரண்டு வாரம் வெளிச்சத்தை மறைத்தால் இன்னும் குறையும். மிச்சத்தைச் சமையல் பார்த்துக்கொள்ளும். ரோமில் நிறைய உப்புநீரில் வேகவைத்து, பிழிந்து, பூண்டும் மிளகாயும் தாளித்த ஆலிவ் எண்ணெயில் புரட்டுவார்கள். தெற்கு இத்தாலியின் புல்யாவில் தோல் நீக்கிய காய்ந்த அவரை வகைப் பருப்பைக் குழைய வேகவைத்து, அதனோடு வெந்த சிக்கரியைச் சேர்ப்பார்கள். நம் கீரைக் கூட்டின் நியாயம்தான் அதுவும். வேகவைத்த நீரைக் கொட்டினால் சத்து போகாதா என்பார்கள். நீரில் கரையும் வைட்டமின்களில் ஒரு பங்கு போகும்தான். கசப்பு பழகியவர்கள் நீரைக் குறைத்துக்கொள்ளலாம். யாரும் தொடாத சத்துள்ள கீரையைவிட, தட்டு காலியாகும் கீரையே மேல்.

சீக்கிரம் பூத்துவிடுகிறது என்பது அடுத்த குறை, இதில் நியாயம் உண்டு. இளஞ்செடி குளிரில் அடிபட்டு, பிறகு நீண்ட பகலைக் கண்டால் தண்டு விட்டுவிடும். அதனால் குளிர்கால அறுவடைக்கு வேண்டியதை முன்வசந்தத்தில் அவசரப்பட்டு விதைக்காமல் கோடை நடுவிலிருந்து கோடைக் கடைசிக்குள் விதையுங்கள். தண்டு வந்துவிட்டால் அதை அடியில் வெட்டுங்கள். வேர் மறுபடி இலை விடும். கத்தலோன்யாவில் ஒரு ரகத்தின் இளந்தண்டுக் கொத்துதான் ரோமாபுரியின் புந்தரெல்லே. அதை நீளவாக்கில் மெல்லியதாகக் கீறிக் குளிர்ந்த நீரில் போட்டால் சுருண்டுகொள்ளும், கசப்பும் இறங்கும். நெத்திலி, பூண்டு, வினிகர், எண்ணெய் சேர்த்துப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். மெதுவாக வளர்கிறதே என்பவர்களுக்கு ஒரே பதில்: லெட்டூஸ் முந்தும், உண்மை. ஆனால் அதை மறுபடி மறுபடி விதைக்க வேண்டும். இதை ஒருமுறை விதைத்தால் பலமுறை அறுக்கலாம்.

இடம் குறைவென்றால் ஸ்படோனா, குளிர் கடுமையென்றால் க்ருமோலோ, சமையலுக்கு நிறைய வேண்டுமென்றால் கத்தலோன்யா. எதை எடுத்தாலும் முதல் அறுவடைக்கு அவசரப்படாதீர்கள். வேர் பிடிக்க நேரம் கொடுத்தவர்களுக்கே இந்தக் கீரை நீடித்துப் பலன் தரும்.