மிதிவண்டியின் மூடிய கியர்

மழை பெய்த மறுநாள் செம்மண் பாதையில் பல கியர் மிதிவண்டியை ஓட்டியவர்கள் இத்தொல்லையை அறிவார்கள். பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக உள்ள பற்சக்கரங்களின் இடையே சேறு அப்பிக்கொள்கிறது; மேடு ஏறும்போது சங்கிலி நழுவுகிறது. சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவியோ கீழே தொங்குகிறது. பாதையோரத்து வேர் ஒன்று தட்டினாலும் அது வளைந்துவிடும்.

இக்கியர்களை மூடிய கூட்டுக்குள் வைத்தால் என்ன? இது புதிய எண்ணமன்று. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1902ஆம் ஆண்டு முதல் பின்சக்கரத்தின் குடத்திற்குள்ளேயே மூன்று கியர்களை அமைத்து விற்றது. 1936இல் வந்த ஏ.டபிள்யூ. என்ற வகை பல நாடுகளிலும் ஓடியது.

அதனுள் இருப்பது என்ன? நடுவில், அச்சோடு அசையாமல் நிற்கும் 20 பல் சக்கரம். அதைச் சுற்றி உருளும் சிறு சக்கரங்கள் ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றை வளைத்து நிற்பது, உட்புறம் 60 பற்களைக் கொண்ட வளையம். கோள்கள் சூரியனைச் சுற்றுவதை ஒத்திருப்பதால் நடுச்சக்கரத்திற்குச் சூரியச் சக்கரம் என்றே பெயர். சங்கிலி வளையத்தைச் சுழற்ற, தாங்கி குடத்தைச் சுழற்றினால், சங்கிலிச் சக்கரத்தின் நான்கு சுற்றுக்குக் குடம் மூன்று சுற்றே சுற்றும். மேடு ஏற இதுவே ஏற்றது. தாங்கியைச் சங்கிலி சுழற்ற, வளையம் குடத்தைச் சுழற்றினால், மூன்று சுற்றுக்கு நான்கு, சமதரையில் விரையலாம். இரண்டாம் கியரில் ஒன்றுக்கு ஒன்று. சங்கிலி எப்போதும் ஒரே நேர்க்கோட்டில் ஓடுவதால் அதற்கு முழு மூடியும் போடலாம்.

ஜெர்மனியில் ரோலாஃப் நிறுவனம் 1998இல் 14 கியர் குடத்தை வெளியிட்டது. பின்னர் அந்நாட்டின் பினியன் நிறுவனம், மோட்டார் வண்டியில் உள்ளதைப் போன்ற கியர்ப்பெட்டியை மிதிகட்டைகளின் நடுவே பொருத்தியது. அதன் ஒரு வகையில் 18 கியர்கள் உண்டு. எடை நடுவில் அமைவதால் பின்சக்கரம் இலேசாகிறது. ஆயினும் விலை மிக அதிகம். அதற்கென்றே செய்த சட்டமும் வேண்டும். பழைய வண்டியில் அதை மாட்ட இயலாது. பற்களின் உராய்வில் மிதிக்கும் வலு சிறிது வீணாவதும் உண்மையே.

கடைக்கும் வேலைக்கும் சென்று வர மூன்று கியர் குடமே போதும் என்பது என் கருத்து. ஆனால் பழைய ஏ.டபிள்யூ. குடத்தில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே எதையும் பற்றாத வெற்றிடம் இருக்கிறது. கியர்க் கம்பி தளர்ந்திருக்கும்போது எழுந்து நின்று மிதித்தால், மிதிகட்டை சட்டெனப் பிடிப்பின்றிச் சுழலும். ஓட்டுபவர் சட்டத்தின் மீது விழ நேரும்.

ஆகவே, மாதம் ஒரு முறையாவது கியரை இரண்டில் வைத்து, வலப்பக்க அச்சு நட்டிலுள்ள துளை வழியே பாருங்கள். உள்ளிருந்து வரும் சிறு தண்டின் தடித்த பகுதி, அச்சின் முனையோடு சமமாக முடிய வேண்டும். இல்லையெனில், கம்பியின் முனையிலுள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். குடத்தில் எண்ணெய்த் துளை இருந்தால் மெல்லிய இயந்திர எண்ணெய் சில துளிகள் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுத்துப் பற்களைச் சிக்கவைக்கும்.