ஒன்பது இறக்கை விமானமும் தவறான படக்குறிப்புகளும்

நம்பிக்கை: ஏரியில் மிதக்கும் அந்த ஒன்பது இறக்கை விமானம், ரைட் சகோதரர்களுக்கு முன்பு யாரோ விவரம் தெரியாமல் கட்டியது. பறக்கவே இல்லை.

உண்மை: இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்ப்பவர்கள் இறக்கைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இன்ஜினை. முன் அடுக்கில் நான்கு, பின் அடுக்கில் நான்கு. எட்டுமே அமெரிக்காவின் லிபர்ட்டி ரகம், 12 சிலிண்டர், ஒவ்வொன்றும் சுமார் 400 குதிரைத்திறன். லிபர்ட்டி இன்ஜின் பிறந்ததே 1917-ல். அதற்கு முந்தைய எந்த ஆண்டைப் போட்டாலும் அந்தப் படக்குறிப்பு தப்பு.

இது இத்தாலியின் ஜியான்னி கப்ரோனி கட்டிய சிஏ-60. அவர் கத்துக்குட்டி அல்ல. முதல் உலகப் போரில் மூன்றடுக்கு இறக்கை குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிப் பறக்கவிட்டவர். அதே மூன்றடுக்கை முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் வைத்தார். அகலமான ஜன்னல்களும் எதிரெதிர் இருக்கைகளும் கொண்ட மூடிய அறையில் 100 பேரை உட்காரவைத்து அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும் என்பது திட்டம்.

அது நீரைவிட்டு எழும்பியது. 1921-ல் மஜ்ஜோரே ஏரியில் முதலில் சின்னதாக ஒரு பறப்பு. மார்ச் 4-ஆம் தேதி மறுபடி எழும்பியபோது கட்டுப்பாடு இழந்து நீரில் மோதி உடைந்தது. பயணிகள் பலர் மாண்டார்கள் என்றுகூடச் சொல்கிறார்கள். அதில் பயணிகளே இல்லை. அவர்கள் எடைக்கு ஈடாகப் பாரம்தான் ஏற்றியிருந்தார்கள். ஓட்டிய செம்ப்ரினி உயிர் தப்பினார். மிஞ்சிய சில பாகங்கள் இன்றும் இத்தாலிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இவ்வளவு துணிந்த ஒரு முயற்சியைக் கேலிப்படமாக்கிச் சுற்றில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பிக்கை: ஏழு இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழும் அந்தத் துண்டுப்படம், 1900-க்கு முந்தைய கோமாளித்தனம்.

உண்மை: அது 1923. அமெரிக்காவின் டேட்டன் நகரில், ராணுவத்தின் மெக்குக் விமானதளத்தில் எடுத்தது. கட்டிய கெர்ஹார்ட் பயிற்சி பெற்ற விமானப் பொறியாளர். அந்த விமானத்தில் இன்ஜினைத் தேடினால் கிடைக்காது, சைக்கிள் பெடல்தான் இருக்கும். மனிதக் கால்பலம் மட்டும் போதுமா என்று பார்க்கவே அதைக் கட்டினார்கள். சரிந்து விழுவதற்கு முன் பெடல் மிதித்தே கொஞ்ச தூரம் தரையைவிட்டு எழும்பியும் இருக்கிறது. துண்டுப்படத்தில் அந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை.

நம்பிக்கை: முதல் பறக்கும் படகு பிரான்சின் ஆன்ரி ஃபாப்ரே ஓட்டியது.

உண்மை: அதற்கு முன் விமானமே ஓட்டியிராத ஃபாப்ரே, 1910 மார்ச் 28-ல் மார்த்திக் ஊரருகே நீரிலிருந்து எழும்பி ஏறத்தாழ அரை கிலோமீட்டர் பறந்தார். சொந்த இன்ஜின் பலத்தில் நீரிலிருந்து கிளம்பிய முதல் விமானம் அதுதான். ஆனால் அது நின்றது மூன்று மிதவைகளின்மேல். உடற்பகுதியே நீரில் படகாக அமர்ந்தால்தான் பறக்கும் படகு. அந்த வகை 1912-ல் பிரான்சில் டெனோ, அமெரிக்காவில் கர்ட்டிஸ் கைகளில் உருவானது.

ஃபாப்ரே விமானப் படத்தைப் பலரும் திசை மாற்றிப் படிக்கிறார்கள். அதில் இன்ஜினும் புரொப்பெல்லரும் பெரிய இறக்கையும் பின்னால். வால் என்று நினைக்கத் தோன்றும் சின்ன இறக்கைகள் இருக்கும் பக்கம்தான் முன்பக்கம்.