கை பிறேக் பிடிக்காவிட்டால்: பிக்கப் வாகனத்தில் நாமே பார்த்துச் சரிசெய்யக்கூடியவை

மீள்குடியேறிய பல கிராமங்களில் ஒரே பிக்கப் வாகனம்தான் தண்ணீர் கொண்டுவருகிறது, நெல் ஏற்றுகிறது, மீன் பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்கிறது. இப்படி ஓடும் பழைய வாகனங்களில் கால் பிறேக்கை எல்லோரும் கவனிப்பார்கள். கை பிறேக்கைக் கவனிப்பவர்கள் குறைவு. வன்னி பெரும்பாலும் சமதரை என்பதால், கை பிறேக் பழுதாக இருந்தாலும் வாகனம் விட்ட இடத்தில் நிற்கும். குளக்கட்டில் ஏறும் பாதையிலோ கடற்கரைச் சரிவிலோ நிறுத்தும்போதுதான் குறை தெரியவரும். அந்த நேரத்தில் வாகனத்தின் பின்னால் பிள்ளைகள் நிற்கலாம்.

பாரத்தையும் யோசியுங்கள். 1,000 லீற்றர் தண்ணீரின் நிறை 1,000 கிலோ. வெறுமையாக நிற்கும்போது பிடிக்கும் கை பிறேக், தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் பிடிக்காமல் போகலாம்.

கை பிறேக் எப்படி வேலை செய்கிறது?

பின்னால் ட்ரம் பிறேக் உள்ள டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் கை பிறேக் பின் சில்லுகள் இரண்டையும் மட்டுமே பிடிக்கும். பிடியை இழுக்கும்போது ஒரு கேபிள் இழுபடுகிறது. வாகனத்தின் அடியில் உள்ள சமன்படுத்தும் துண்டு அந்த இழுவையை இடது, வலது சில்லுகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. ட்ரம்முக்குள் இருக்கும் ஒரு சிறு நெம்புகோல் இரண்டு பிறேக் சூக்களையும் வெளிப்பக்கம் தள்ளுகிறது. சூக்களில் ஒட்டியுள்ள லைனிங் ட்ரம்மை அழுத்திப் பிடிக்கிறது.

லைனிங் தேயத் தேய, சூவுக்கும் ட்ரம்முக்கும் உள்ள இடைவெளி கூடும். பிடியை முழுவதும் இழுத்தாலும் அந்த இழுவை இடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகிவிடும். ஆகவே கை பிறேக் தளர்ந்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் சில்லு. கேபிள் அதற்குப் பிறகு.

கேபிளை மட்டும் இறுக்கிவிட்டால் பிடி உடனே இறுக்கமாகத் தெரியும். ஆனால் உள்ளே நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாது. தானாகச் சரிசெய்யும் பாகம் வேலை செய்யாது. சூக்கள் உரசியபடி ஓடி, ட்ரம் சூடாகி, லைனிங் இன்னும் வேகமாகத் தேயும். சில வாரங்களில் பழைய நிலையே திரும்பும்.

தொடங்குமுன்

- வாகனத்தைச் சமமான, இறுகிய தரையில் நிறுத்துங்கள். மணலில் ஜக் சாயும்.
- முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் சில்லுகளை உயர்த்தியதும் கை பிறேக்கோ கியரோ வாகனத்தைப் பிடிக்காது.
- ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் போகவேண்டாம். அச்சின் கீழ் இருபுறமும் உறுதியான தாங்கி வையுங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் திடீரென உடையக்கூடியவை.
- நான்கு மரக்கட்டைகளை எப்போதும் வாகனத்திலேயே வைத்திருங்கள். மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத பகுதிகளில், சில்லுக்கு வைக்கக் கல் தேடி வீதியைவிட்டு இறங்கக்கூடாது.
- பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ட்ரம்முக்குள் உள்ள தூசியை ஊதவோ தட்டவோ வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சரிசெய்யும் ஒழுங்கு

1. கியரை நியூட்ரலில் விட்டு, கை பிறேக்கை முழுதாக இறக்குங்கள். பின் சில்லுகளை உயர்த்தித் தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள்.

2. சில்லையும் ட்ரம்மையும் கழற்றுங்கள். ட்ரம் இறுகியிருந்தால் சுத்தியலால் பலமாக அடிக்கவேண்டாம். பல ட்ரம்களின் முகப்பில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றுள் போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் ட்ரம் வெளியே வரும்.

3. லைனிங்கைப் பாருங்கள். 1 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்திருந்தால், மாற்றாமல் சரிசெய்வதில் பயனில்லை. லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் கழுவிப் பாவிக்க முடியாது. ஒழுகும் சீலையோ பிறேக் சிலிண்டரையோ முதலில் திருத்தி, இரு பக்கச் சூக்களையும் மாற்றவேண்டும். இது கராஜில் செய்யவேண்டிய வேலை.

4. சரிசெய்யும் பற்சில்லு கையால் இலகுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். துருவும் தூசியும் ஏறியிருந்தால் துடைத்து, அதன் மரையில் மட்டும் வெப்பம் தாங்கும் கிறீஸ் சிறிதளவு பூசுங்கள். லைனிங்கில் கிறீஸ் படக்கூடாது.

5. ட்ரம்மைப் பூட்டுங்கள். பிறேக் தட்டின் பின்புறம் உள்ள றப்பர் மூடியைக் கழற்றினால் பற்சில்லு தெரியும். சில்லு சுற்ற முடியாதபடி இறுகும்வரை அதைத் திருப்புங்கள். பின்னர் மெல்லிய ஸ்குறூ ட்ரைவரால் தடுக்கும் நாக்கை விலக்கிப் பிடித்துக்கொண்டு, சில்லு தடையின்றிச் சுற்றும்வரை பற்சில்லைப் பின்னோக்கித் திருப்புங்கள். மற்றப் பக்கத்துக்கும் இவ்வாறே செய்து, றப்பர் மூடிகளை மறக்காமல் போடுங்கள். மூடி இல்லாவிட்டால் மணலும் வெள்ளமும் உள்ளே போகும்.

6. கால் பிறேக்கைச் சில தடவை மிதியுங்கள். பிறகு கை பிறேக்கை மெதுவாக இழுத்து, கேட்கும் சத்தங்களை எண்ணுங்கள். இருக்கையின் பக்கத்தில் பிடி உள்ள பல வாகனங்களில் 5 முதல் 9 வரை இருக்கும். டாஷ்போட்டின் கீழே இழுக்கும் வகையில் இதைவிடக் கூடும். உங்கள் வாகனக் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள்.

7. எண்ணிக்கை இன்னும் அதிகமாக இருந்தால் மட்டும் கேபிளுக்குப் போங்கள். பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைச் சிறிது சிறிதாக முறுக்கி, மறுபடி எண்ணிப் பார்த்து, பூட்டு நட்டை இறுக்குங்கள்.

8. பிடியை இறக்கியதும் இரண்டு சில்லுகளும் தடையின்றிச் சுற்றவேண்டும். இழுத்ததும் இரண்டும் ஒரே அளவில் பிடிக்கவேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் மற்றப் பக்கக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அந்தக் கேபிளை மாற்றவேண்டும்.

சோதித்துப் பாருங்கள்

ஆட்கள் இல்லாத சிறு சரிவில், பாரம் ஏற்றி, ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே சோதியுங்கள். கை பிறேக்கை இழுத்து, கால் பிறேக்கிலிருந்து காலை மெதுவாக எடுங்கள்; ஆனால் காலை அருகிலேயே வைத்திருங்கள். வாகனத்தின் முகம் மேலே பார்க்க ஒரு தடவையும் கீழே பார்க்க ஒரு தடவையும் பாருங்கள். பிறகு 5 கிலோமீற்றர் அளவு ஓட்டி நிறுத்தி, ட்ரம்களுக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஒரு பக்கம் அதிகமாகச் சுட்டால் அங்கே சூ உரசுகிறது. அதை மறுபடி தளர்த்தவேண்டும்.

பராமரிப்பு

கை பிறேக்கை ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் பாவியுங்கள். பல டொயோட்டா வாகனங்களில் பிடியை இழுக்கும்போதுதான் தானாகச் சரிசெய்யும் பாகம் வேலை செய்கிறது. கியரில் மட்டும் விட்டு நிறுத்திப் பழகினால் அது இறுகிவிடும்.

மாரி காலத்தில் வெள்ளத்தைக் கடந்தால், மெதுவாக ஓட்டியபடி கால் பிறேக்கை இலேசாக மிதித்து லைனிங்கைக் காயவிடுங்கள். வாகனத்தைப் பல நாட்கள் நிறுத்திவைப்பதானால் கை பிறேக்கை இழுத்து வைக்கவேண்டாம். சூக்கள் ட்ரம்மோடு துருவால் ஒட்டக்கூடும். கியரில் விட்டுச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கடற்கரைக் கிராமங்களில் உப்புக் காற்று கேபிளை விரைவில் அரிக்கும். மாதம் ஒரு தடவை கேபிள் உறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கால் பிறேக் மெத்தென்று இறங்கினாலோ, பிறேக் எண்ணெய் குறைந்துகொண்டே போனாலோ, வாகனத்தை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். பின்னால் டிஸ்க் பிறேக் உள்ள வாகனங்களுக்கும், கை பிறேக் ட்ரம் கியர் பெட்டியின் பின்னால் உள்ளவற்றுக்கும் இந்த முறை பொருந்தாது.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

- நமது கிராமத்தில் வாகனங்கள் சரிவில் நிற்கும் இடங்கள் எவை? அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்களா?
- பொது வாகனத்தின் கை பிறேக்கை மாதந்தோறும் பார்ப்பது யார் பொறுப்பு? அதை எங்கே எழுதிவைப்பது?
- கேபிளை முதலில் இறுக்குவது ஏன் தவறு என்பதை, வாகனம் ஓட்டத் தொடங்கும் ஒரு இளைஞருக்கு எப்படி விளக்குவீர்கள்?