கொடியடுப்பா, புகைபோக்கி அடுப்பா?

முற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் சவுக்கு விறகு சென்னைக்கு வந்தது. எரிவாயு பரவிய இந்நாளிலும் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கங்களில் வெந்நீருக்கேனும் விறகெரிக்கும் குடும்பங்கள் உள.

கொடியடுப்பில் ஒரே தீ இரு பாத்திரங்களைச் சுடவைக்கும். புகையோ அடுக்களையிலேயே தங்கிப் பெண்டிர், குழந்தைகளின் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். ஐதராபாத்து எஸ். பி. ராஜு வகுத்த புகைபோக்கி அடுப்பு இக்குறையைப் போக்க எழுந்தது; அதுபற்றிய அவரது நூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று.

ஆயினும் புகை நீங்குவது வேறு, விறகு மிஞ்சுவது வேறு. அகன்ற குழாய் புகையோடு சூட்டையும் இழுத்துச் செல்லும். கடற்காற்று வீசும்போது இவ்விழுப்பு இன்னும் மிகும். ஆதலின் குழாயின் கழுத்தில் இரும்புத் தகடொன்று பொருத்தி, தீ நிலைத்தபின் பாதியளவு மூடுதல் நன்று. தணல் இருக்கையில் முற்றும் மூடலாகாது. நச்சுக்காற்று அறைக்குள் திரும்பும்.

ஓட்டு வீட்டிற்குப் புகைபோக்கியே தக்கது. ஓலைக் கூரையூடே குழாய் விடுதல் தீவிபத்திற்கு இடமாகும். அவ்வீட்டார் கூரைக்குச் சற்று விலகி, காற்றுக்கு மறைவான வெளியிடத்தில் கொடியடுப்பே இடுக. குழாயில் படியும் கரியை மாதமொருமுறை தட்டி எடுத்தல் வேண்டும். இன்றேல் புகை அடுப்பின் வாய்வழியே மீளும்.